மச்சான் போட்ட ரோடு

இந்த வாரப் பேப்பரிலும் ரோடு மேட்டர் வரவில்லை. அந்த இடத்தில் நகராட்சி சேர்மன் கத்தரிக்கோலும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நிருபர் குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சேர்மனோட மச்சான் போட்ட ரோடு சார் அது. ஒரு மழைக்கே பேந்துபோச்சு. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்சுகூட உள்ள வரமாட்டேங்குது. நான் எழுதிக்கினே இருக்கேன், நீங்க குப்பைல போட்டுக்கினே இருக்கீங்க. இதெல்லாம் ஒரு பேப்பரா சார்?”

எப்போதும் சீறுகிற எடிட்டர் பூவராகவன் இன்று சீறவில்லை. “ஒக்காருப்பா. அடுத்த வாரம் அதான் ஃபர்ஸ்ட் பேஜு. பள்ளத்துல உழுந்தவங்க பேட்டியெல்லாம் போட்டு, கிழிகிழின்னு கிழிச்சிடு.”

குணாளனால் நம்ப முடியவில்லை. “நெசமாவா சார்? சேர்மன் பேஜாரு பண்ணமாட்டாரா?”

“மாட்டாரு. மச்சான் பேரு மட்டும் வேணாம்.”

அந்த அளவுக்காவது செய்தி வருகிறதே என்று குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டான். “சரி சார். இப்பவே போய் போட்டோ எடுத்துக்கினு வந்துடறேன்.”

“அதுவும் வேணாம். ஒரு பள்ளம் உடாம அவரே எடுத்து அனுப்பிட்டாரு.”

“யாரு சார்?”

“மச்சான்தான். ரோடு மோசம்னு பேப்பர்ல வந்தாதான் புது ரோடுக்கு டெண்டர் உடுவாங்களாம். அதுவும் அவருக்குத்தானே!” பூவராகவன் கண்ணாடியைத் துடைத்தார். “உன்னையே எழுதச் சொன்னாருப்பா. நீதான் காரமா எழுதுவியாம்.”