யாம்னா பேரில் ஒரு தோட்டம்

"நிலத்தை அண்ணி பேர்ல எழுதிட்டா சொட்டுநீர்க் குழாயும் சூரிய மோட்டாரும் சர்க்கார் செலவுலயா? அண்ணே, நீ பெரிய ஆளுதான்!"

புஷ்தா தொடையைத் தட்டிச் சிரித்தான்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த யாம்னா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஜிலாலி ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்து நிதானமாக மென்றான்.

"பெண் விவசாயிகளுக்கு மட்டும்தானாம். நிலம் அவங்க பேர்ல இருக்கணுமாம். பேர்தானே? எழுதிட்டாப் போச்சு."

"எழுது, எழுது! அண்ணி என்ன, தோட்டத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிடவா போறாங்க?"

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். யாம்னாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொழுந்தன் கிளம்பியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"இது பாவம் இல்லையா? நாம வாங்கிட்டா, நிஜமாவே நிலம் வச்சிருக்கிற ஒருத்திக்குக் கிடைக்காமப் போகுமே!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

சந்தை நாளன்று புஷ்தாவே வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மெக்னெஸ் நகரத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒரே பாட்டு. யாம்னா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"முழு மனசோடதான் மனைவிக்குக் கொடுக்கிறியா?"

"முழு மனசோட," என்றான் ஜிலாலி.

புஷ்தா சிரிப்பை அடக்க இருமினான்.

"நீ தம்பியா? பக்கத்து நிலமும் உன்னோடதா? உனக்கு ஏதாவது ஆட்சேபணை?"

"எனக்கென்ன ஆட்சேபணை? அண்ணி ஒரு ராணி! எங்கே கையெழுத்துப் போடணும்?"

அடுத்த மாதம் விவசாய அலுவலகத்திலிருந்து லுப்னா என்ற இளம்பெண் வந்தாள். ஆலிவ் மரங்களுக்கு நடுவே யாம்னாவோடு நடந்தாள். மூன்று மகள்களும் தூரத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாம்னா அக்கா, தோட்ட வேலையெல்லாம் நீங்கதானா?"

"நானும் என் பொண்ணுங்களும்."

"நிலமும் உங்களோடதுதானே?"

யாம்னா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் ஜிலாலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா," என்றாள்.

"இந்தச் சுத்து வட்டாரத்துல அப்படிச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்." லுப்னா சந்தோஷத்தில் அவளைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். நெருப்பை வைத்தது போலிருந்தது யாம்னாவுக்கு.

குழாய்கள் வந்தன. மோட்டார் ஓடியது. வாடிக் கிடந்த கன்றுகள் தளிர்விட்டன. யாம்னாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் வாழ்த்தினால் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தொழுகையில் உட்கார்ந்தாலும் லுப்னாவின் முகம்தான் எதிரே வந்து நின்றது.

புஷ்தா ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே. எப்போண்ணே திருப்பி எழுதுறே?"

"எழுதலாம், எழுதலாம். என்ன அவசரம்? இன்னும் ஒரு சலுகை வருதாம், அதையும் பார்த்துடலாம்."

"உன்னை அடிச்சுக்க ஆளே இல்லை!" சிரித்துக்கொண்டே போனான்.

யாம்னா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கிளம்பு. இப்பவே போய்த் திருப்பி எழுதுவோம். அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிக் குழாயையும் பிடுங்கிக் கொடுத்துடுவோம். இனி ஒரு பொய் என்னால முடியாது."

"எழுத வேண்டாம்."

"ஏன், இன்னும் என்ன திருடணும்?"

ஜிலாலி அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"நமக்கு மூணும் பொண்ணு. நான் கண்ணை மூடினா, ஆம்பளப் புள்ளை இல்லைன்னு சட்டப்படி புஷ்தாவும் பங்குக்கு வந்து நிப்பான். நம்ம ஊர் ஹமூவுக்கும் பொண்ணுங்கதான், அவன் செத்தப்போ என்ன ஆச்சு? பங்காளிங்க கிணறு இருந்த பக்கமாப் பிரிச்சுக்கிட்டாங்க. மிச்சத்தையும் அவன் பொண்டாட்டி வித்துட்டா. இன்னிக்கு அதே மரத்துல கூலிக்குக் காய் பறிக்கிறா."

யாம்னா தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது பொய் இல்லை. தோட்டம் உன்னோடதுதான். நீ உயிரோட இருக்கும்போதே நம்ம பொண்ணுங்க பேருக்கு எழுதிக் கொடுத்துடு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"உன் முகம் எதையும் மறைக்காது, யாம்னா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பிகிட்டயே நேரா சொல்லிட்டு எழுதியிருக்கலாமில்லையா? கூடப் பிறந்தவன்தானே?"

ஜிலாலி கசப்பாகச் சிரித்தான்.

"பொண்டாட்டி புள்ளைங்களுக்குக் கொடுக்கிறேன்னு சொல்லியிருந்தா, ஊரைக் கூட்டி வழக்குப் பேசியிருப்பான். சர்க்காரை ஏமாத்தப் போறேன்னு சொன்னேன்... அவனே வண்டி ஓட்டிட்டு வந்து கையெழுத்துப் போட்டான்."