மாதம் நாற்பது பயணம்

ஸ்டேஷனுக்கு மேலேயே எழுப்பிய அந்தக் குடியிருப்பில் ஒரு சட்டம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மாதம் நாற்பது தடவை மெட்ரோ ஏற வேண்டும். ஒருவர் குறைத்தாலும், ஒருவர் கார்டில் இன்னொருவர் போனாலும் வீடு பறிபோகும். இதே ஸ்டேஷனைக் கட்டும்போது சாரம் சரிந்து இடுப்பொடிந்த வடமலைக்கு இன்னும் இரண்டு பயணம் பாக்கி. நாளையோடு மாதம் முடிகிறது.

"மாமாவோட மெட்ரோ கார்டைக் குடுங்கக்கா, நானே கேட்ல காட்டிப் போயிட்டு வந்துர்றேன்" என்று வாசலில் வந்து நின்றான், எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த தேவநேசன்.

கேட்காமல் வந்த உதவி வடமலையின் மனைவி பூங்காவனத்துக்கு உறுத்தியது. "தம்பிக்கு என்ன வேலை?"

"கொத்து வேலதான்க்கா."

அவன் விரல்களைப் பார்த்தாள். சிமெண்ட் அரித்த தடம் ஒன்றுகூட இல்லை.

"கொத்தனாரு கை பூ மாதிரி இருக்கே!" என்று சிரித்தாள். "வேணாம் தம்பி. அவரே போவாரு."

மறுநாள் காலை, ஜல்லி சுமந்து பழகிய உடம்பில் புருஷனைச் சுமந்துகொண்டு ரயிலேறினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான். எதிர் இருக்கையில் தேவநேசன் குனிந்து போனில் எதையோ குறித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடி போறோம்?" என்றான் வடமலை.

"எங்கயுமில்ல. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பணும்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எதிர்ல இருக்கானே, அவனும் எறங்குறானான்னு பாரு."