செத்தவீட்டு லீவு

ஸ்ரீபனின் சட்டைப் பைக்கு மேலே ஊசியால் குத்தியிருந்த கறுப்புத் துணித் துண்டில் இறால் கோது ஒட்டியிருந்தது. முதலாளிக்கு அதுவும் குற்றமாகப் பட்டது.

"டேய், பெண்சாதி செத்து ஒரு மாதமாகுது. இன்னும் ஐஸ் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு துக்கம் கொண்டாடுறியோ? மூண்டு நாள் லீவு தந்தனான்தானே!"

ஸ்ரீபன் குனிந்த தலை நிமிராமல் பெட்டியைத் தூக்கினான். இறால் கழுவிக்கொண்டிருந்த பெண்களும் நிமிரவில்லை.

கிளிநொச்சிக்கு வெளியே இருந்த அந்த இறால் கொட்டகையில் முதலாளி வைத்ததுதான் சட்டம். காய்ச்சலுக்கு லீவு இல்லை, பிள்ளைக்கு வருத்தம் என்றாலும் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் மூன்று நாள். கூட வேலை செய்யும் நல்லதம்பியின் மாமியார் இதுவரை இரண்டு தடவை செத்திருந்தார்.

மனைவி டிலுசாவின் ஒப்பரேசனுக்கென்று ஸ்ரீபனும் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "நீயே வெட்டப் போறாய்?" என்று எல்லாருக்கும் முன்னால் ஏச்சு விழுந்தது. அடுத்த கிழமைதான் செத்தவீட்டு லீவு கிடைத்தது.

தேத்தண்ணி நேரம் இறால் கழுவும் சிவனேஸ்வரி அவனருகில் வந்து குந்தினாள்.

"தம்பி, டிலுசான்ர செத்தவீட்டுக்கு மன்னாருக்கு நாங்கள் ஒருத்தரும் வரேல்லை. லொறி வருது எண்டு முதலாளி மறிச்சுப்போட்டான். மன்னார் என்ன லண்டனே? இப்ப நினைச்சாலும் வெக்கமாக் கிடக்கு."

ஸ்ரீபன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பழைய குடைச் சீலையில் வெட்டி அந்தக் கறுப்புத் துணியை அவனுக்குக் குத்திவிட்டவள் அவள்தான்.

"லீவு அவன் போடுற பிச்சை இல்லை, சட்டத்தில இருக்கு. முறைப்பாடு குடுக்க எல்லாருமாத் தொழில் கந்தோருக்குப் போவம். நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ. உங்களைப் பாத்தால் ஆரும் பொய் எண்டு சொல்லாயினம்."

"வேண்டாம், அக்கா." அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "என்னை மட்டும் விடுங்கோ."

அவன் எழுந்து போனதும் நல்லதம்பி பெருமூச்சு விட்டார். "பாவம் பெடியன். வேலை முடிய, சுடுதண்ணிப் போத்தலையும் கொண்டு வவுனியா பஸ்ஸில ஏறுறான். வெறும் வீட்டில தனிய இருக்கேலாமல் இருக்கும்."

ஐஸ் அறைக்குப் பின்னால் ஸ்ரீபனின் போன் அடித்தது. அவன் "ஓம்" என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்". கையுறையைக் கழற்றாமலே முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"லீவு வேணும், முதலாளி."

"என்னத்துக்கு?"

அவன் கையுறையைக் கழற்றத் தொடங்கினான்.

"இந்தமுறை ஆரைக் கொல்லப் போறாய்? நல்லதம்பியின்ர மாமியையோ?" முதலாளி சிரித்தார். "மனிசி ஒருக்காத்தான் சாவா. உனக்கு அது முடிஞ்சுது. போய் வேலையைப் பார்."

வாசலில் நிழல் விழுந்தது. சிவனேஸ்வரி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள், நல்லதம்பி. அந்த மேசைக்கு முன்னால் அதுவரை ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை.

"பெண்சாதியைப் பறிகுடுத்த மனிசனோட இப்பிடியே கதைக்கிறது? அவர் பொய் சொல்லி லீவு கேக்கிற ஆளில்லை. நாங்கள் எல்லாரும் சாட்சி. குடுங்கோ லீவை!"

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

ஸ்ரீபன் திரும்பி சிவனேஸ்வரியைப் பார்த்தான். அவன் கை கறுப்புத் துணியைப் பொத்திக்கொண்டது.

"அக்கா... டிலுசா இப்பத்தான் வவுனியா ஆஸ்பத்திரியில செத்தவ."