முதல் காலடி

கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் கியெம் விளக்கை அணைத்தார். மனைவி தோவா டிவியை நிறுத்தினாள். இருவரும் சோபாவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபடி தட்டினார்கள். கியெம் முட்டி போட்டே நகர்ந்து ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். சைக்கிளோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். முதுகில் மூட்டை, கையில் பயண வழிகாட்டிப் புத்தகம். 'எந்நேரமும் வரலாம்' என்ற விடுதிப் பலகையை நம்பி வந்த அப்பாவி.

"ஏங்க, தங்க வந்தவருங்க! வருஷம் பூரா ஒரு ஆளும் எட்டிப் பார்க்கலை, இன்னிக்குத்தான் ஒருத்தர் வாசல்ல நிக்கறாரு. கதவைத் திறங்க!"

"பேசாம இரு. போன புத்தாண்டுக்கு உன் தம்பி முதல் ஆளா உள்ள காலை வெச்சான். என்ன ஆச்சு? ஆத்துல வெள்ளம், படகெல்லாம் கரையில, எட்டு ரூமுக்கும் ஈ காக்கா வரலை. இந்த வருஷமும் அப்படியே போச்சுன்னா விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"என் தம்பியை இழுக்காம உங்களுக்குப் பொழுது விடியாதே. பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி நீங்களே வெளிய போய் முதல் ஆளா உள்ள வந்திருந்தா, வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"நான் வந்தா விளங்கிடும்!" என்றார் கியெம்.

அன்று டெட் என்ற புத்தாண்டுப் பண்டிகையின் முதல் நாள். பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் மாறி மாறி வரும் வருஷங்களில் டிராகன் வருஷம் பிறந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் எப்படியோ, அப்படித்தான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க. அதற்காக கியெம் ஒரு மாதத்துக்கு முன்பே லுவோங் வாத்தியாரிடம் சொல்லிவைத்திருந்தார். வாத்தியார் டிராகனுக்கு ஒத்துப்போகும் குரங்கு வருஷத்தில் பிறந்தவர். உப்பிய கன்னம், இரட்டைப் பேரன்கள், தும்மல்கூட வராத உடம்பு. அந்தக் காலுக்கு ஊரே போட்டி போட்டது. ஏழு மணிக்கு வருகிறேன் என்றவரை வழியில் யார் மடக்கினார்களோ, எட்டாகியும் ஆளைக் காணோம்.

வெளியே நின்றவர் போவதாயில்லை. கியெம் வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்தார்.

"சார், நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

யோஸ்ட் என்ற அந்த மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. அந்த நாட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் அவர் பேசக் கற்றுக்கொண்டதே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான். "எண்பத்திரண்டு, அண்ணே. நவம்பர்."

கியெம் விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்தது. "நாய்!"

யோஸ்ட் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

"நாய் வருஷம் சார்! டிராகனுக்கும் நாய்க்கும் ஆகாது. முதல்ல ஒரு நாய் உள்ள வந்துட்டா எங்க கதை முடிஞ்சுது. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் நாய்தான்."

"நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சைப் பாரு" என்று தோவா முணுமுணுத்தாள்.

யோஸ்ட் புத்தகத்தைப் புரட்டினார். "ஆமா, எழுதியிருக்கு. கூப்பிடாம உள்ள போகக் கூடாது. நான் காத்திருக்கேன் அண்ணே. ஆனா ரொம்பப் பசி. ஊர்ல ஒரு கடைகூட திறக்கலை."

தோவாவுக்கு மனசு கேட்கவில்லை. வாழையிலை நிறத்தில் சதுரமாய் வெந்திருந்த சோற்றுக் கட்டியை வெட்டி, வெங்காய ஊறுகாயோடு ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினாள். அவர் நின்றுகொண்டே நாலு துண்டு சாப்பிட்டார். ஐந்தாவதற்கும் கை நீண்டது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கதவுப் பக்கம்தான் கூரை நீண்டிருந்தது. யோஸ்ட் சைக்கிளைப் படியில் ஏற்றி, அங்கே ஒதுங்கப் போனார். முன்சக்கரம் முட்டி, தாழ் போடாத கதவு லேசாகத் திறந்துகொண்டது.

"ஐயோ, சக்கரம்!" கியெம் கதவை விரியத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சக்கரமும் வரக் கூடாது சார். தயவு பண்ணுங்க!"

"என்னப்பா, வாசல்லயே மல்யுத்தமா?"

புதுக் கோட்டு, கையில் பீச் மரக் கிளை, வாய் நிறையச் சிரிப்பு. சாட்சாத் லுவோங் வாத்தியாரேதான்! கியெமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு அறையும் நிரம்பி, சாப்பாட்டு மேசையில் இடமில்லாமல் ஆட்கள் நிற்பது அப்போதே தெரிந்தது.

"வாத்தியாரே! உங்களுக்காகத்தான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

முதல் விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டிய, காசு வைத்த சிவப்பு உறைக்காகச் சட்டைப் பையைத் தடவினார். இல்லை. சாமி மாடத்திலேயே வைத்துவிட்டார். "ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்று ஒரே ஓட்டமாக உள்ளே ஓடி உறையை எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏங்க..." என்றாள் தோவா. அவர் காலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம் பேசு. வாங்க வாத்தியாரே, முதல் காலடி உங்களுது!"

வாத்தியார் கோட்டைச் சரிசெய்துகொண்டு காலைத் தூக்கினார். யோஸ்டும் சந்தோஷமாகப் புத்தகத்தை மூடி, மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நானும் வரலாம் இல்லையா அண்ணே? முதல்ல ஒரு நாய் உள்ள போயாச்சே!"