ஓட்டாண்டிக்கு ஒரு மூட்டை அரிசி

தையற்கூடத்து ஆட்கள் படியிறங்கிப் போனதும் முதலாளி கதவைத் தாழிட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“எப்படி என் நடிப்பு? ஓட்டாண்டி ஆயிட்டேன்னு சொன்னதும் கட்டிங் மாஸ்டருக்கே கண்ணு கலங்கிடுச்சு!”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல், திவால் என்று சொல்லிக் கூடத்தை இழுத்து மூடிய மனுஷன், இப்போது அதே ஆட்கள் முன்னால் கிழிந்த பனியனோடு உட்கார்ந்து அழுதிருந்தார்.

“ஓட்டாண்டின்னா அர்த்தம் தெரியுமா? ஓடு ஏந்திப் பிச்சை எடுக்கிற ஆண்டி. நான் ஓடே ஏந்தல, பாரு, வீடு தேடி வந்து போட்டுட்டுப் போறாங்க!” அவர்கள் வைத்துவிட்டுப் போன அரிசி மூட்டையைக் காலால் தட்டினார்.

“கடவுளே! சாப்பிடற பொருளைக் காலால தொடாதீங்க.” அவள் குனிந்து மூட்டையை நகர்த்தினாள்.

“சரி, சரி. நல்லவேளை, வீட்டை முன்னாடியே உன் பேருக்கு மாத்தினேன். ஆமா, சம்பளமே வாங்காத பயலுங்க இதை எதுல வாங்கினாங்க?”

“சம்பளத்துலதான். வீட்டை வித்து நேத்தே எல்லாருக்கும் குடுத்துட்டேன்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்புறம் எதுக்கு என்னைப் பாத்து அழுதாங்க?”

“நீங்க சொன்னது நிஜம்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.” அவள் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சட்டையை மாட்டிட்டுக் கிளம்புங்க. மாஸ்டர் தன் வீட்டுல நமக்கு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கார்.”