ஒரே ஒரு கேள்விதான்!

"இங்க யாரு கடைசி?"

ஹைஃபா கிளினிக்கில் நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை, இதைத்தான் கேட்பார்கள். திர்ட்சாவும் கேட்டாள்.

"நான்தான்." சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கையைத் தூக்கினார் ஒரு தடித்த பெரியவர். "பேரு ரஹமீம். உனக்கு என்னம்மா உடம்புக்கு? கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டு வாடகை எவ்வளவு?"

"மாத்திரைச் சீட்டு வாங்க வந்தேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

மார்பில் இருந்த கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று டாக்டர் மர்வான் கூப்பிட்டிருந்தார். வீட்டில்கூட அவள் மூச்சு விடவில்லை. பயத்தை மறக்க வேலைதான் வழி. டொரண்டோ பத்திரிகை ஒன்றுக்கு இஸ்ரேலின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி வாராவாரம் எழுதுகிறாள். ஊர்க்காரர்களின் லட்சணத்தைக் கிழித்தால் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

'எங்கள் ஆட்களுக்குக் கடவுள் வாயை மட்டும் பெரிதாகக் கொடுத்தார். விதை தின்ன, வம்பு பேச' என்று தட்டினாள்.

பெரியவர் விதைப் பையை நீட்டினார். "கொஞ்சம் கொறி, கண்ணு."

"வேலை இருக்கு."

கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். சட்டென்று எழுந்தார் ரஹமீம். "ஒரே ஒரு கேள்விதான்!" என்றபடி உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"யோவ்! நாங்க என்ன சீட்டாடவா வந்திருக்கோம்?" அடுத்து உள்ளே போக வேண்டிய ஃபீரா கத்தினாள். "எனக்கும்தான் ஒன்பது கேள்வி இருக்கு!"

திர்ட்சாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. 'வரிசை என்பதே இவர்களுக்கு முந்துவதற்குத்தான்' என்று சேர்த்தாள்.

ரஹமீம் வெளியே வந்ததும் ஃபீரா இடுப்பில் கை வைத்தாள். "கேட்டாச்சுல்ல? இனி நீதான் கடைசி. போய் மூலையில உக்காரு."

அதற்குள் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

"சரி தாயே, தொண்டையைக் கிழிச்சுக்காதே." வீங்கிய காலை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

டாக்டர் தலையை நீட்டினார். "திர்ட்சா, உள்ளே வாங்க."

"இது என்ன அநியாயம்!" ஃபீராவின் குரல் கதவு வரை துரத்தியது.

உள்ளே டாக்டர் சிரித்தார். "வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒண்ணுமே இல்ல."

திர்ட்சா அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "என் முறை இன்னும் வரலையே, டாக்டர்?"

"ரஹமீம் வந்து கேட்டாரு. 'வெளியே ஒரு பொண்ணு கையில போன் அந்த ஆட்டம் ஆடுது. மாத்திரைச் சீட்டு வாங்க வந்தவ இப்படி நடுங்க மாட்டா. அவளை முதல்ல கூப்பிடக் கூடாதா?'ன்னாரு."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

"அதை அவர் கேட்கவே இல்லையே."

வெளியே வந்தாள். மூலையில் காலைத் தடவியபடி விதை கொறித்துக்கொண்டிருந்தார் ரஹமீம். அவருக்கு முன்னால் இன்னும் அத்தனை பேர்.

ஃபீரா ஆடி அசைந்து எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தாள்.

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு திர்ட்சா மறுபடி உள்ளே பாய்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான்!"