கை குலுக்கும் வரை

ஆக்லாந்துக்குத் தெற்கே, புல்வெளி நடுவில் நிற்கும், மௌனமாகவே வழிபடும் குவேக்கர் கிறிஸ்தவர்களின் பழைய மரக்கூடத்தில் சிலுவை இல்லை, விளக்கில்லை, பிரசங்கமும் இல்லை. வெள்ளைப் பலகைச் சுவர்களுக்குள், எதிரெதிர் வாங்குப் பலகைகளில் பத்துப் பேர் ஒரு மணி நேரமாகப் பேசாமல் இருக்கிறார்கள். வெயில் தரையில் நகர்கிறது. பக்கத்திலிருப்பவரோடு கை குலுக்கினால் கூட்டம் முடியும். சிவனேசன் மனைவி விக்னேஸ்வரியிடம் கை நீட்டுகிறார். இருவருக்கும் நடுவே ஓராள் இருக்க அவள் இடம் விட்டிருக்கிறாள்.

“கையைத் தாருமப்பா. எல்லாரும் பாக்கினம்.”

“இந்தக் கையாலதான் சண்டைக்குள்ள ஆமிச் சோதனைச்சாவடியில பிள்ளையை விட்டிட்டு வந்தனான். இஞ்ச சத்தமில்லாம இருந்தாத்தான் அவன் வாறான். கையைக் குலுக்கிக் கூட்டத்தை முடிச்சிடாதேங்கோ.”

எதிரே ஒரு வெள்ளைக்கார முதியவர், பக்கத்தவரிடம் நீட்டிய தன் கையை மடியில் வைத்து மறுபடி கண்களை மூடுகிறார். மற்றவர்களும் மூடுகிறார்கள். அவள் விட்ட இடத்தில் பலகை மெல்லக் கிறீச்சிடுகிறது.